லாரவேல் போட்டால் கட்டமைப்பு தானாக வந்துவிடுமா?

நிலாவெளிக் கரை | 2025 மார்ச் 8, இரவு 10.15

கம்பஸ் முடித்து இப்போதுதான் தனியாக வேலை எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. அறைப் பதிவும் புறாமலைக்குப் படகுப் பதிவும் ஒரே தளத்தில் வேண்டுமாம். ஏப்ரல் முடிவதற்குள் வெளிநாட்டவர் வரத் தொடங்கிவிடுவார்கள், அதற்கு முன் ஓட வேண்டும். கூடப் படித்த ஒருவன் "முதலில் டிசைனை யோசி, பிறகு எழுது" என்கிறான். பிஎச்பி மொழியில் தளம் எழுத உதவும் லாரவேல் சட்டகம் ஏற்கெனவே மொடல் (தரவு), வியூ (திரை), கொன்ட்ரோலர் (இரண்டையும் இணைப்பது) என்று பிரித்துத்தானே தருகிறது? அதற்கு மேலும் கட்டமைப்பு என்று நாளைக் கடத்துவது கொழும்பில் பெரிய கொம்பனிகளுக்குச் சரி. திருகோணமலையில் ஒருவர் செய்யும் சின்ன வேலைக்கு எதற்கு?

உவர்மலையான் | மார்ச் 9, காலை 6.50

வராது. லாரவேல் தருவது போல்டர்கள். எதை எந்தப் போல்டரில் வைப்பது என்பதை நீதான் முடிவெடுக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன் தம்பி. ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம் என்ற விதி உன் கோட்டில் (நிரலில்) எங்கே கிடக்கிறது? படிவத்தின் ஜாவாஸ்கிரிப்டில் ஒன்று, கொன்ட்ரோலரில் ஒன்று, முதலாளி பார்க்கும் நிர்வாகப் பக்கத்தில் ஒன்று, மாத அறிக்கையில் ஒன்று என்று நாலு இடத்தில் இருக்கும். நாளைக்கு அவர் போன் எடுத்து, "கடல் கொஞ்சம் கொந்தளிப்பு, இந்தக் கிழமை ஆட்களைக் குறை" என்றால் எத்தனை கோப்பைத் திறப்பாய்? ஒன்று என்றால் உன்னிடம் கட்டமைப்பு இருக்கிறது. நாலு என்றால், போல்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இல்லை.

உவர்மலையான் | மார்ச் 9, மதியம் 1.20

"சின்ன வேலைக்கு எதற்கு" என்பதற்குக் காலையில் விடை சொல்லவில்லை. சின்ன ஊரில் செய்கிற சின்ன வேலைக்குத்தான் அது மிகவும் தேவை.

பெரிய கொம்பனியில் நீ எழுதியது பிடிக்காவிட்டால் வேறொரு குழுவிடம் கொடுப்பார்கள். அவர்களிடம் ஆளும் காசும் இருக்கிறது. இங்கே அந்த விடுதிக்காரர் பத்து வருடத்துக்கும் உன்னைத்தான் கூப்பிடுவார். சந்தையில் கண்டாலும் கேட்பார், கோயில் திருவிழாவில் கண்டாலும் கேட்பார். நீ வெளிநாடு போய்விட்டால் உன் கோட்டை இன்னொரு பொடியன் திறக்க வேண்டும். 2022க்குப் பிறகு எங்கள் துறையில் எத்தனை பேர் கப்பல், விமானம் என்று ஏறிவிட்டார்கள் என்பது இங்கே எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் எழுதப்படுகிற கோட் ஒவ்வொன்றும் ஒரு நாள் கைமாறும். கட்டமைப்பைப் பற்றி நான் யோசிப்பதெல்லாம் அந்த நாளை வைத்துத்தான்.

உவர்மலையான் | மார்ச் 11, இரவு 9.05

மொடல், வியூ, கொன்ட்ரோலர் எங்கிருந்து வந்தது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

அது இணையத்துக்காகப் பிறந்ததல்ல. 1979இல் நோர்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக், ஸெரொக்ஸ் கொம்பனியின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஸ்மோல்டோக் என்ற நிரல் மொழியோடு வேலை செய்தபோது உருவாக்கினார். அப்போது வலைத்தளம் என்பதே இல்லை. திரை எப்போதும் திறந்திருக்கும், மொடல் மாறினால் வியூ உடனே தன்னைத் திருத்திக்கொள்ளும். இணையத்தில் அந்த உறவு கிடையாது. ஒரு வேண்டுகோள் வரும், பக்கம் போகும், அதோடு சேர்வரில் எல்லாம் செத்துவிடும். 2000இல் ஜாவாவுக்கு ஸ்ட்ரட்ஸ், 2004இல் ரூபி ஒன் ரெயில்ஸ், 2005இல் ஜாங்கோ, 2011இல் லாரவேல் என்று வந்த சட்டகங்களோடு இந்தப் பிரிப்பு வலைக்குள் பரவியபோது பெயர்கள் வந்தன, பழைய அர்த்தம் முழுதாக வரவில்லை. இடம் தெரியாத கோட் எல்லாம் கொன்ட்ரோலரில் வந்து குவிந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: பதிவு செய்கிற ஒரே பங்ஷனுக்குள் சரிபார்ப்பு, விலைக் கணக்கு, மின்னஞ்சல், எஸ்எம்எஸ், பிடிஎஃப் எல்லாம்.

எனக்கு உதவியது இன்னும் பழைய ஒரு கட்டுரை. 1972இல் டேவிட் பார்னஸ் என்ற கணினி அறிஞர் எழுதியது. ஒரே நிரலை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். முதல் விதம், வேலை நடக்கும் படிகளின்படி: வாசி, ஒழுங்குபடுத்து, அச்சிடு. இரண்டாவது, மாறக்கூடிய முடிவுகளின்படி: ஒவ்வொரு முடிவும் ஒரு பகுதிக்குள் ஒளிந்திருக்கும், மற்றப் பகுதிகளுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டும் ஓடும். ஆனால் ஒரு முடிவு மாறும்போது முதலாவதில் எல்லாப் பகுதிகளையும் தொட வேண்டும், இரண்டாவதில் ஒன்றைத் தொட்டால் போதும்.

அதனால் புது வேலை வந்தால் கோட் எழுதுவதற்கு முன் வாடிக்கையாளரோடு இருந்து ஒரு தாளில் "இவை மாறும்" என்று எழுதுவேன். உப்புவெளி விடுதிக்கு என்ன வரும் பார்: சீசன் விலை, உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறு வேறு விலை, முச்சக்கரவண்டிக்காரருக்குக் கொடுக்கும் கொமிஷன், ரத்துச் செய்தால் திருப்பிக் கொடுக்கும் காசு, படகு புறப்படும் நேரம், புறாமலை தேசியப் பூங்கா என்பதால் அங்கே நுழைவதற்கான கட்டணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு (கிளாஸ்: ஒரு விடயத்தின் தரவும் விதிகளும் சேர்ந்த கோட் துண்டு), அதற்கு ஒரு கோப்பு. கொன்ட்ரோலர் அவற்றைக் கூப்பிட்டால் போதும்.

உவர்மலையான் | மார்ச் 12, காலை 7.10

மேலே உள்ளதோடு ஒன்று. அறையின் நிறம், லோகோ, பட்டன் எங்கே என்பதை அந்தத் தாளில் எழுதாதே. அவை தினமும் மாறும், ஆனால் வியூவுக்குள்ளேயே மாறிவிட்டுப் போகும்.

உவர்மலையான் | மார்ச் 15, இரவு 11.30

"உண்மையான உதாரணம் ஒன்று தாருங்கள் அண்ணா" என்று கேட்டிருந்தாய். நீளமாகத்தான் வரும்.

மீனவர் சங்கம் ஒன்றின் கணக்குத் தளம் என் கைக்கு வந்தது. எழுதியவர் கனடா போய்விட்டார். நல்ல கெட்டிக்காரர், வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தேடி வந்ததற்குக் காரணம், அவர்களுடைய தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கொம்பனி பழைய பிஎச்பி 5.6ஐ நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசெம்பரோடு முடிந்தன. 2015 டிசெம்பரில் வந்த பிஎச்பி 7இலேயே, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய பங்ஷன்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். இந்தத் தளத்தில் அந்தப் பங்ஷன்கள் இல்லாத பக்கமே இல்லை. எச்டிஎம்எல்லுக்கு நடுவில், அட்டவணையின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில், தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன. தரவுத்தளத்தோடு கதைப்பதை ஒரே கோப்புக்குள் வைத்திருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை அது.

அதைவிடப் பெரிய தலையிடி கொமிஷன். மீன் நிறுத்து, விலை போட்டு, சங்கத்துக்குரிய விகிதத்தைக் கழித்து மிச்சத்தை மீனவருக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கழிவு, மீனவருக்குத் துண்டு (ரசீது) அடிக்கும் பக்கத்தில் ஒரு விதமாகவும் மாதக் கணக்குப் பக்கத்தில் இன்னொரு விதமாகவும் இருந்தது. ஒன்று ஒவ்வொரு வரியிலும் சதத்தைக் கிட்டிய ரூபாவுக்குச் சரிக்கட்டியது, மற்றது கடைசிக் கூட்டுத்தொகையில் சரிக்கட்டியது. மாத முடிவில் துண்டுகளைக் கூட்டினால் ஒரு தொகை, அறிக்கையில் வேறு தொகை. வித்தியாசம் சொற்பம்தான். ஆனால் விடிய முன்னம் கடலுக்குப் போய் வந்த மனிதர் கையில் துண்டுகளைக் கட்டாக வைத்துக்கொண்டு "என்ர காசு எங்க?" என்று கேட்கும்போது சொற்பம் என்று சொல்ல முடியாது. சங்கத்தில் ஆளுக்காள் சந்தேகப்பட்டார்கள். எவரும் எடுக்கவில்லை, இரண்டு பக்கங்கள் ஒரே கணக்கைத் தனித்தனியாகச் செய்தன, அவ்வளவுதான்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் இருந்தது. காசைத் தசம எண்ணாக வைத்திருந்தார்கள். பிஎச்பியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி, 0.3க்குச் சமமா என்று கேட்டுப் பார், இல்லை என்று சொல்லும். கணினி அந்த எண்களை இருமத்தில் சரியாக எழுத முடியாததால் வருவது. காசை எப்போதும் சதமாக, முழு எண்ணாக வை. ரூபாவாக மாற்றுவது திரையில் காட்டும்போது மட்டும்.

உவர்மலையான் | மார்ச் 16, காலை 8.00

கிண்ணியா நானா ஒருவர் "அதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறார்.

நானா, அந்தப் பழைய கோட்டுக்குள் சங்கத்தின் பல வருடப் பழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குத் தனி வரி, ஒரு வாடிக்காரருக்கு (கரையில் மீன் வாடி வைத்திருப்பவருக்கு) மட்டும் வேறு விகிதம், ஐஸ் காசை எந்தப் பக்கத்தில் கழிப்பது என்பதெல்லாம். யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. புதிதாக எழுதினால் அவை ஒவ்வொன்றும் சண்டையாகத் திரும்பி வரும்.

நான் செய்தது இது. கொமிஷனைக் கணக்கிடும் ஒரு வகுப்பை எழுதினேன். முதலில் எந்தப் பக்கத்தையும் அதற்கு மாற்றவில்லை. பழைய கணக்கும் புதிய கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓட, வித்தியாசம் வந்தால் ஒரு கோப்பில் எழுதச் சொன்னேன். அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு சங்கத் தலைவரிடம் போய் "இதில் எது சரி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சொன்ன விடைகள்தான் விதிகள். வித்தியாசம் நின்ற பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புதியதற்கு மாற்றினேன். சங்கம் ஒரு நாளும் பூட்டப்படவில்லை.

உவர்மலையான் | மார்ச் 22, மாலை 5.45

நீ அனுப்பிய கோட்டில், அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்க்க இணையத்தில் கிடைத்த ஒரு வரி ரெஜெக்ஸை (எழுத்துகளின் வடிவத்தைப் பார்க்கும் சூத்திரத்தை)ப் படிவத்தில் ஒட்டியிருக்கிறாய். அது போதாது. இலங்கையில் இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016இலிருந்து வருவது பன்னிரண்டு இலக்கம். பழையதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பழையதைப் புதியதாக்க எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைச் செருக வேண்டும்.

பலர் விழுகிற இடம் நாள் எண்ணிக்கை. எல்லா வருடத்துக்கும் பெப்ரவரியில் 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறார்கள். ஆகவே மார்ச் 1 எந்த வருடத்திலும் 61. பிஎச்பியின் திகதிப் பங்ஷனை நம்பினால், லீப் அல்லாத வருடங்களில் மார்ச் 1இலோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

இவ்வளவும் ஒரு வகுப்புக்குள் இருக்கட்டும். அதன் பெயர் அடையாள அட்டை என்றே இருக்கட்டும். பிழையான இலக்கத்தைக் கொடுத்தால் அந்தப் பொருள் உருவாகவே கூடாது. உள்ளே வந்துவிட்டால் அது சரியானது என்று மற்றக் கோட் எல்லாம் நம்பலாம், இன்னொரு தடவை பார்க்கத் தேவையில்லை.

உவர்மலையான் | மார்ச் 22, இரவு 9.20

பெயரும் அப்படித்தான். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறாய். உன்னுடைய குடும்பப்பெயர் என்ன என்று யாரும் கேட்டால் நீ அப்பாவின் பெயரைத்தான் எழுதுவாய். முழுப்பெயர் என்று ஒரே பெட்டி போதும், ரசீதில் எப்படி எழுத வேண்டும் என்று இன்னொன்று.

தமிழில் பெயர் எழுதினால் இரண்டு விடயம் கவனி. பிஎச்பியின் சாதாரண நீளப் பங்ஷன் "தம்பி" என்ற சொல்லுக்கு 15 என்று சொல்லும். அது எழுத்தை அல்ல, கணினி சேமிக்கும் பைட்டை எண்ணுகிறது: கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். "பெயர் மிக நீளம்" என்று தளம் துரத்தியதற்கு அதுதான் காரணம். மற்றது, ொ என்ற குறியை ஒற்றைக் குறியாகவும் அனுப்பலாம், ெ உம் ா உமாக இரண்டாகவும் அனுப்பலாம். திரையில் ஒன்றுபோல இருக்கும், தேடினால் அகப்படாது. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் வாசலிலேயே ஒரு முறை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடு. வேண்டுகோள் உள்ளே வரும் வழியில் ஓடும் மிடில்வெயர் என்று லாரவேல் தருவது இதற்கு நல்ல இடம்.

உவர்மலையான் | மார்ச் 29, இரவு 10.40

முதல் குறிப்பில் விதிக்கு ஒரே இடம் என்று எழுதியதை இன்னும் நுணுக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு நாளாக யோசித்தேன்.

ஓர் அறை, ஒரு இரவு, ஒரு பதிவு. இந்த விதியை நீ வகுப்புக்குள் வைத்திருக்கிறாய்: அறை காலியா என்று பார், காலியென்றால் எழுது. இரண்டு பேர் ஒரே கணத்தில் அழுத்தினால் இரண்டு பேருக்கும் காலி என்றே விடை வரும், இரண்டு பேரும் எழுதுவார்கள். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் உள்ள அந்த இடைவெளியைப் பிஎச்பி கோட்டால் மூட முடியாது. தரவுத்தளத்தால்தான் முடியும். பதிவை இரவுக்கு ஒரு வரியாக வை, மூன்று இரவென்றால் மூன்று வரி. அறை இலக்கமும் திகதியும் சேர்ந்து யுனிக் இன்டெக்ஸ், அதாவது அதே சோடி இரண்டாம் தரம் வர முடியாது. இரண்டாவது ஆளின் வரியைத் தரவுத்தளம் வாங்க மறுக்கும். நீ அந்த மறுப்பைப் பிடித்து "மன்னிக்கவும், இப்போதுதான் போய்விட்டது" என்று காட்டு.

படகுக்கு இது சரிவராது, பத்துப் பேர் ஏறுகிற ஒன்றுக்கு யுனிக் போட முடியாது. அங்கே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காத ஒரு கட்டு வேலைக்குள்) அந்தப் பயணத்தின் வரியைப் பூட்டி, எண்ணி, எழுதி, பிறகு விடு.

ஆக விதியின் உண்மையான வீடு ஒன்றுதான். படிவத்தில் இருக்கும் சரிபார்ப்பு விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை: அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் உடனே தெரியட்டும் என்பதற்காக. அதை அழித்தாலும் தளத்தில் பிழை நுழையக் கூடாது. நுழைகிறது என்றால் விதி இன்னும் வீடு சேரவில்லை.

உவர்மலையான் | ஏப்ரல் 5, காலை 7.30

முதலாளிக்கு வட்ஸ்அப்பில் "உறுதிப்படுத்து" இணைப்பு அனுப்பும் யோசனை நல்லது, ஆனால் நீ செய்திருக்கும் விதம் ஆபத்து. இணைப்பைத் திறந்தாலே பதிவு உறுதியாகிவிடுகிறது, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. அந்த இணைப்பை யாராவது சட்டில் ஒட்டினால், முன்காட்சி எடுப்பதற்காகப் போனே அதைத் திறந்து பார்க்கும். ஒருவரும் தொடாமலே அறை உறுதியாகிவிடும்.

இது புதிதல்ல. 2005 மே மாதம் கூகிள், வெப் அக்சலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. பக்கத்தில் உள்ள இணைப்புகளை முன்கூட்டியே திறந்து வைத்து வேகம் காட்டுவது அதன் வேலை. "அழி" என்பதை வெறும் இணைப்பாக வைத்திருந்த தளங்களில், உள்ளே நுழைந்திருந்தவர்களின் தரவுகள் தாமாக அழிந்தன. இணைப்பைத் திறக்கும்போது போகும் கெட் வேண்டுகோள் பார்ப்பதற்கு மட்டும் என்று, உலாவியும் சேர்வரும் கதைக்கும் முறையான எச்டிடிபியின் 1.1 ஆவணத்திலேயே 1999இல் எழுதியிருந்தது. இணைப்பு ஒரு பக்கத்தைக் காட்டட்டும், அந்தப் பக்கத்தில் உள்ள பட்டன் போஸ்ட் (எதையாவது மாற்றச் சொல்லும் வேண்டுகோள்) செய்யட்டும். போஸ்ட் முடிந்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடு, அப்போதுதான் பக்கத்தைப் புதுப்பித்தாலும் மறுபடி அனுப்பாது. நிலாவெளிக் கரையில் சிக்னல் இழுபடும் இடங்களை நீ அறிவாய். ஆட்கள் பக்கத்தை இரண்டு மூன்று தரம் புதுப்பிப்பார்கள்.

உவர்மலையான் | ஏப்ரல் 6, இரவு 8.15

திகதி. 14ஆம் திகதி இரவு என்பதை நேரமாகச் சேமிக்காதே. எங்கள் 14ஆம் திகதி நள்ளிரவு, யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) 13ஆம் திகதி மாலை 6.30. அறிக்கையை அப்படியே அச்சிட்டால் எல்லாப் பதிவும் ஒரு நாள் முந்தி நிற்கும். தங்கும் இரவு வெறும் திகதி. பணம் வந்த கணம் மட்டும் நேரம், அதை யூடிசியில் வை. 5.30 என்ற எண்ணைக் கோட்டில் எங்கும் எழுதாதே, ஏசியா/கொழும்பு என்ற நேர வலயப் பெயரைக் கொடு. 1996இல் நாட்டு நேரத்தை ஆறரைக்கும் பிறகு ஆறுக்கும் மாற்றினார்கள், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. சங்கத்தின் பழைய பதிவுகளை ஏற்றும்போது இது எனக்கு உதவியது.

உவர்மலையான் | ஏப்ரல் 19, இரவு 10.00

நீ அனுப்பிய புதிய கோட்டைப் பார்த்தேன். இப்போது மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டாய். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் இன்டர்பேஸ் (என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும் பட்டியல்), அதற்கு ஒரு ரெப்போசிட்டரி (தரவை எடுத்து வைப்பது), அதற்கு ஒரு பக்டரி (பொருளை உருவாக்குவது). படகுப் பதிவை வேறு சேர்வரில் தனிச் சேவையாக வைக்கலாமா என்றும் கேட்கிறாய். வேண்டாம்.

1968இல் மெல்வின் கொன்வே என்ற கணினி நிபுணர் எழுதியது நினைவிருக்கட்டும்: ஒரு நிறுவனம் செய்யும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் ஆட்கள் கதைத்துக்கொள்ளும் விதத்தையே ஒத்திருக்கும். பல குழுக்கள் இருப்பவர்கள் பல சேவைகளாகப் பிரிக்கிறார்கள், அவர்களுக்கு அது பொருந்துகிறது. நீ ஒரு ஆள். ஒரு செயலி, ஒரு தரவுத்தளம். உள்ளே மூன்று அடுக்கு: வாசல், விதிகள், சேமிப்பு. விதிகள் அடுக்குக்கு எச்டிடிபி என்றால் என்னவென்றே தெரியக் கூடாது. அதைத் தெரியாமல் வைத்தால், நாளைக்கு முதலாளி போனில் வரும் பதிவைக் கையால் போடக் கேட்டாலும், வேறொரு பதிவுத் தளத்திலிருந்து தானாக வரக் கேட்டாலும் அதே விதிகள் ஓடும். இன்டர்பேஸ், இரண்டாவது வடிவம் ஒன்று உண்மையாக வரும் நாளில் எழுது. எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு மட்டும் இப்போதே எழுதலாம், ஏனெனில் சோதனையில் உண்மையான எஸ்எம்எஸ் போகக் கூடாது.

உவர்மலையான் | ஏப்ரல் 20, காலை 6.40

கைமாறும் நாளைப் பற்றி மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: எதை எழுதி வைப்பது?

இரவில் கடலுக்குப் போகிறவரின் வள்ளத்தில் கத்தி, கயிறு, நீர் இறைக்கும் வாளி எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு, இருட்டிலும் கை நேராகப் போகும். புதிதாக ஏறியவருக்கு அந்த இடங்களைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கோட்டோடு வைக்கும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பைத் தமிழில் எழுதுங்கள் தங்கச்சி. புதுக் கணினியில் தளத்தை ஓட வைக்கும் கட்டளைகள், எந்த விதி எந்தக் கோப்பில், டொமைனும் ஹோஸ்டிங்கும் யாருடைய பெயரில். கடைசியாகச் சொன்னது வாடிக்கையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும். பிறகு, ஏன் இப்படிச் செய்தோம் என்பதைத் திகதியோடு ஒரு சில வரி. "கொமிஷனை வரிக்கு வரி சரிக்கட்டுவது, துண்டும் அறிக்கையும் ஒத்துப்போக" என்ற ஒரு வரி சங்கத்தின் தளத்தில் இருந்திருந்தால் ஒரு முழு மழைகாலச் சண்டை நடந்திராது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றதே, அப்போது இந்த ஊரில் பலருக்கு சேர்வரையும் இணையத்தையும் நம்பி வேலை செய்ய முடியவில்லை. தளம் முழுவதும் மடிக்கணினிக்குள்ளேயே, மாதிரித் தரவோடு ஓட வேண்டும். அதையும் ரீட்மீயில் சேருங்கள்.

உவர்மலையான் | மே 3, இரவு 9.50

தளம் ஓடத் தொடங்கிவிட்டது என்று கேட்டுச் சந்தோஷம் தம்பி. படகு ஆட்களின் எண்ணிக்கையை மாற்ற ஒரு கோப்புத்தான் திறந்தேன் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

சோதனைகளை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு: பக்கங்களைச் சோதிப்பதில் இப்போது நேரம் போக்காதே. முதலில் காசு. சீசன் தொடங்கும் நாளுக்கு முதல் நாள் வந்து, தொடங்கிய பின் போகிறவரின் மொத்தம் என்ன என்று ஒரு சோதனை. இரண்டாவது, ஒரே அறைக்கு ஒரே இரவை இரண்டு தரம் பதிந்து பார்ப்பது, இரண்டாவது தோற்க வேண்டும். இதை எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் செய்யாமல் உண்மையான மைஎஸ்கியூஎல்லில் செய், பூட்டும் விதம் இரண்டிலும் வேறு. மூன்றாவது அடையாள அட்டை: பழையது, புதியது, ஒரு பெண்ணுடையது, மார்ச் 1இல் பிறந்தவருடையது. அவற்றுக்கு உண்மையான ஆட்களின் இலக்கத்தைப் போடாதே, விதிப்படி நீயே உருவாக்கு. ரத்துச் செய்த காசைத் திருப்பும் பகுதிக்கு முதலாளி இன்னும் விதி சொல்லவில்லை என்றாய். அவர் சொல்லும் வரை அந்தப் பட்டனைத் தளத்தில் போடாதே.